கடைசிக்கு ஆவும்

என் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். மகள் பிழை பார்த்துத் தருகிறேன் என்றிருக்கிறாள். எழுத்தை மட்டும் திருத்து, நான் திட்டியிருக்கும் இடங்களில் கை வைக்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வாயால் யாரையும் திட்டிப் பழக்கமில்லாதவன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரலே எழும்பாது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அவர் பேரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய வீட்டுக்காரி இந்த ஊரில்தான் இருக்கிறாள்.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றி, உள்ளே பெரிய பல்பைத் தொங்கவிட்டுக் காயவைப்போம். அவர் கட்டிய மோட்டார் திரும்பி வந்தது என்று கிடையாது. பத்தொன்பது வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை ஏலே என்பார். மனது குளிர்ந்திருந்தால் மக்கா என்பார்.

அவரைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சோற்றுவாளியைத் திறக்கும்போது வாசலில் யார் நின்றாலும் பாதி அவர்களுக்கு. பொங்கலன்றைக்குக் கூப்பிட்டாலும் கிணற்றில் இறங்குவார். அவருடைய வியாதி வேறு. நல்ல பொருள் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அதைத் தொடமாட்டார். எடுத்து வைத்துவிடுவார். கேட்டால் ஒரே சொல்தான்.

"கடைசிக்கு ஆவும்லே."

கடையநல்லூர்ப் பாய் ஒருவர் எங்கள் வாடிக்கை. துபாயில் இருந்து வரும்போது பட்டன் அமுக்கினால் விரிகிற குடை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அது உறையோடு ஆணியில் தொங்கியது. ஐப்பசியில் மழை வரும். அவர் யூரியாச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்து வருவார்.

"அண்ணாச்சி, குடைதான் தொங்குதே."

"இது என்ன மழ? தூத்தல். பெரிய மழைக்கு ஆவும்."

சங்கரன்கோவிலில் அவர் நினைக்கிற பெரிய மழை எந்த வருஷம் பெய்தது? இது வானம் பார்த்த பூமி. தூறலுக்கே கையெடுத்துக் கும்பிடுகிற ஊர். குடை உறைக்குள்ளேயே மடிப்பு மடிப்பாக இற்றுப்போனது.

புதுக் கட்டிங் பிளேயர் ஒன்று எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி அலமாரியில் இருந்தது. நாங்கள் வேலை செய்ததோ பல் தேய்ந்த பழையதை வைத்து. ஒருநாள் அது வழுக்கி என் இடதுகைப் பெருவிரலைக் கிழித்தது. அவர் பதறிப்போனார். தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மறுநாள் புதுப் பிளேயரை எடுப்பார் என்று நினைத்தேன். பழையதற்கே டேப் சுற்றிக் கொடுத்தார். அந்த வடு இதை எழுதும்போதும் காகிதத்தின் மேல்தான் இருக்கிறது.

அந்தக் கடையநல்லூர்ப் பாய்தான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிள்ளைகள் பெரிய படிப்புக்குப் போய்விட்டார்களாம். அதற்குள் ஒரு விளையாட்டு கிடந்தது. பழைய காலத்து விளையாட்டு. பொம்மைகள் எல்லாம் கட்டம் கட்டமாக, வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கும். நாலு பேர் சேர்ந்து ஊர் ஊராக நடக்க வேண்டும். காட்டிலும் குகையிலும் பேய் பிசாசு வழி மறிக்கும். நீ ஒரு அடி, அவன் ஒரு அடி என்று முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். உலகத்தின் கோடியில் கறுப்புக் கோட்டை. அதற்குள் கொம்பு முளைத்த ராட்சசன் ஒருவன். அவனை ஒழித்தால் ஆட்டம் முடிந்தது.

வார்னிஷ் ஊற்றிய மோட்டார் காய மத்தியானம் முழுக்க ஆகும். அந்த நேரத்தில் ஆடத் தொடங்கினோம். இங்கிலீஷ் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எனக்கு அதுவும் கிடையாது. படத்தையும் நிறத்தையும் வைத்துப் புரிந்துகொண்டோம். சிவப்புப் புட்டி குடித்தால் காயம் ஆறும். நீலப் புட்டி குடித்தால் மந்திரச் சக்தி ஏறும். தங்கப் புட்டி செத்தவனையே எழுப்பும்.

நாலு பேருக்கும் நாம்தான் பேர் வைக்க வேண்டும். வாள்காரன் குருவிகுளத்தான். மந்திரம் போடுகிற தாடிக்காரர் மேலநீலிதநல்லூரார். காயம் ஆற்றுகிற மருத்துவச்சி பனவடலிக்காரி. பூட்டுத் திறக்கிற திருடனுக்குத் தன் மச்சினன் பேரை வைத்தார். பேருக்கு நாலெழுத்துதான் இடம் கொடுத்தது. திரையில் பாதிப் பேர் இருக்கும், மீதியை வாயால் சொல்லிக்கொள்வோம்.

மோட்டார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் பின்னால் நின்று பார்ப்பார்கள். பனவடலிசத்திரத்துச் சம்சாரி ஒருவர் பொறுமை இழந்து கேட்டார்.

"அண்ணாச்சி, எம் மோட்டார் எப்பத்தான் காயும்? மொளகாக் கன்னு வாடிக்கிட்டு கெடக்கு."

"இரும் வே. இங்கன உம்ம ஊர்க்காரி செத்துக் கெடக்கா, உமக்கு மொளகாய்தான் பெருசா இருக்கு."

நிஜமாகவே செத்துக் கிடந்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன். சதுப்பு நிலத்தில் ஒரு பாம்பு கடித்துப் பனவடலிக்காரி செத்துப்போனாள். செத்தால் அந்த ஆள் சின்னச் சவப்பெட்டியாக மாறி வரிசையில் கடைசியாக நகர்ந்து வரும். பையில் தங்கப் புட்டி பதினொன்று இருந்தது. ஒன்றை ஊற்றினால் எழுந்துவிடுவாள். ஊற்றினாரா? இல்லை.

"கோயில் இருக்க ஊருக்குப் போனா பூசாரி சும்மா எழுப்பி விடுவாரு. என்னத்துக்குப் புட்டியத் தீக்கணும்?"

"கோயில் வந்த வழியில கெடக்கு அண்ணாச்சி. மலையத் திரும்பத் தாண்டணும்."

"தாண்டுவோம்."

மருத்துவச்சி இல்லாமல் காயம் ஆற்ற ஆளில்லை. சிவப்புப் புட்டியையும் தொடவிடமாட்டார். வழியில் மச்சினன் செத்தான். பிறகு தாடிக்காரர் செத்தார். மூன்று சவப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு குருவிகுளத்தான் ஒருத்தனாக மலையைத் தாண்டினான். மூன்று வாரம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

ஒருமுறை அவர் வெளியே போயிருந்தபோது நான் ஆடினேன். பொத்தானை மாற்றி அமுக்கி ஒரு தங்கப் புட்டியைச் செலவழித்துவிட்டேன். வந்து பார்த்தார். கோபப்படவில்லை. உட்கார்ந்து, முந்தாநாள் சேமித்து வைத்த இடத்தில் இருந்து ஆட்டத்தை மறுபடி எடுத்தார். அதற்குப் பிறகு கடந்த பாலம், ஜெயித்த எலும்புக்கூட்டுச் சண்டை எல்லாம் போனது. ஒரு புட்டிக்காக. "இப்ப சரியாப் போச்சு மக்கா" என்று என் தோளில் தட்டினார்.

இப்படியே கறுப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். ராட்சசன் அறைக்கு முன்னால் பெரிய கதவு. அதற்கு முன்னால் ஆட்டத்தைச் சேமித்தார். வந்த வழியே திரும்பினார்.

"உள்ள போவோம் அண்ணாச்சி."

"இன்னும் ரெண்டு புட்டி சேரட்டும்."

ஒவ்வொரு நிறப் புட்டியிலும் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பை ஏற்காது. மூன்று நிறமும் தொண்ணூற்றொன்பது ஆயிற்று. அப்போதும் கதவைத் திறக்கவில்லை. ஆறு மாதம் அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்றோம்.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் மேலநீலிதநல்லூர்க் கிணற்றில் மோட்டாரை ஏற்றும்போது அவருக்கு முதல் தடவையாக நெஞ்சில் வலித்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் நல்ல மனுஷன். படம் போட்டுக் காட்டினார். ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, அடுத்த மாதம் வந்து படுக்க வேண்டும், அதுவரை கனம் தூக்கக்கூடாது என்றார். பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"நெஞ்சு வலிச்சா ஒண்ண நாக்குக்கு அடியில வைங்க. வச்சிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. போடலாமா வேண்டாமான்னு யோசிக்கவே கூடாது. சட்டப் பையிலயே இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். அந்த டாக்டர் சொன்னதில் சட்டைப் பை என்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் கண் முன்னால் மூன்று தடவை வலித்தது. மூன்று. முதல் தடவை காயில் கட்டிக்கொண்டிருந்தபோது. கையில் இருந்த கம்பியை விட்டுவிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"மாத்திரையப் போடுங்க அண்ணாச்சி."

"இரு, இரு. விட்டுரும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஏலே, பத்துதாம்ல இருக்கு."

"தீந்தா வாங்குவோம். மெடிக்கல் எதுத்தாப்புலதான இருக்கு."

"வாங்கலாம்லே. வாங்க முடியாதுன்னா சொல்லுதேன்? சின்ன வலிக்கெல்லாம் போட்டு ஒடம்பு பழகிட்டுன்னு வையி, பெரிய வலி வரும்போது மருந்து கேக்காது. இது கடைசிக்கு ஆவும்."

மெடிக்கல் எங்கள் கடைக்கு நேர் எதிரே. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். சத்தம் போட்டு அந்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் வந்து நாலு வார்த்தை ஏசியிருப்பார். நான் கூப்பிடவில்லை. அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று தலையைக் குனிந்து கம்பி சுற்றினேன். இரண்டாம் தடவையும் இதே பேச்சுதான்.

மதினிக்கு, அதாவது அவர் வீட்டுக்காரிக்கு, இது எப்படியோ தெரிந்தது. சோற்றுவாளி கொண்டுவரும் சாக்கில் வந்து என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"சட்டையத் தொவைக்க எடுக்கும்போதெல்லாம் எண்ணிப் பாக்குதேன். பத்தும் அப்பிடியே இருக்கு. வலிக்கலயா, இல்ல போடலயா?"

நான் சோற்றுவாளியை வாங்கிக்கொண்டேன்.

"ஒங்க அண்ணாச்சிக்கு நான் சொன்னா ஏறாது. நீ நாள் முச்சூடும் கூட இருக்க. அவுக போடலன்னா நீ புடிச்சுப் போட்டு விடு. ஒன்னைய நம்பித்தான் அனுப்புதேன்."

"சரி மதினி" என்றேன்.

மூன்றாவது தடவை ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஆஸ்பத்திரியில் படுக்க இன்னும் நாலு நாள் இருந்தது. கனம் தூக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மோட்டார்க் கூட்டை மேசையில் இருந்து இறக்கிவிட்டார். இறக்கியவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த முறை முகமே மாறிவிட்டது. உதடு வெளிறிப்போனது.

"அண்ணாச்சி, மாத்திர."

"இரு."

"இதுதான் பெரிய வலி அண்ணாச்சி. போடுங்க."

"இது அது இல்லலே. எனக்குத் தெரியாதா?"

அவர் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பலமாகக்கூட இல்லை. ஒரு ஈயை விரட்டுகிற மாதிரி. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

இதைத்தான் எழுத வேண்டியிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் அவர் சட்டையைத் தொட்டதில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதைச் செய்ததில்லை. அன்றைக்கு அவர் கையை முறுக்கிப் பிடித்து, வாயைத் திறந்து, மாத்திரையை உள்ளே வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பலம் உண்டு. இரண்டு ஆள் தூக்குகிற மோட்டாரைத் தனியாகத் தூக்குகிறவன் நான். ஆனால் கூச்சப்பட்டேன். சாகிற மனுஷனிடம் போய் மரியாதை பார்த்தேன்.

ஆட்டோவுக்கு ஓடினேன். வந்து பார்த்தபோது தலை சரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள்.

குளிப்பாட்டும்போது யாரோ புது வேட்டி கேட்டார்கள். மதினி பீரோவைத் திறந்தாள். உள்ளே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இருந்தது. கண்ணாடிக் காகிதம் பிரிக்காத சட்டைகள், பட்டுக்கரை வேட்டிகள், மூடி திறக்காத செண்டுப் புட்டி. ஒரு வேட்டியை உருவிக் கட்டிவிட்டார்கள். கஞ்சி விறைப்போடு காலில் நிற்காமல் சறுக்கியது. கடைசிக்குத்தான் ஆயிற்று. சொன்னது சரிதான் அண்ணாச்சி, கடைசிக்குத்தான் ஆயிற்று.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மதினி அந்த அட்டையை என் கையில் கொடுத்தாள். பத்தும் இருந்தது. மூலைகூட மடங்கவில்லை.

"நீ பக்கத்துலதான இருந்த?" என்றாள்.

"ஆமா மதினி."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடையை நான்தான் இப்போது நடத்துகிறேன். முதல் வேலையாகப் புதுப் பிளேயரின் காகிதத்தைக் கிழித்தேன். அடுத்து மத்தியானத்தில் கம்ப்யூட்டரைப் போட்டேன். நாலு பேரும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பையைத் திறந்தேன். சிவப்பு தொண்ணூற்றொன்பது, நீலம் தொண்ணூற்றொன்பது, தங்கம் தொண்ணூற்றொன்பது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. இதில் ஒன்றை மிச்சம் வைக்கமாட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் உடம்பில் காயம் இல்லாவிட்டால் புட்டி திறக்காது. அதனால் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோட்டைக்குள் சுற்றினேன். வருகிற பிசாசோடெல்லாம் மோதினேன். சின்னக் கீறல் விழுந்தாலும் ஒரு சிவப்பு. "இந்தா குடி" என்பேன். மந்திரம் கொஞ்சம் குறைந்தாலும் ஒரு நீலம். தங்கம் தீர வேண்டுமென்றால் ஆள் சாக வேண்டும். சாகவிட்டு எழுப்பினேன். பனவடலிக்காரியை மட்டும் எத்தனை தடவை எழுப்பினேன் என்று கணக்கில்லை.

மதினி ஒருநாள் சாவி ஒன்றைத் தேடி வந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்குவதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னய்யா செய்யுத?"

"தீக்குதேன் மதினி."

"எதய?"

"அண்ணாச்சி சேத்து வச்சத."

திரையைப் பார்த்தாள். புட்டிகளைக் காட்டி எது எதற்கு என்று சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு விடாத" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வந்தாள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கடைசித் தங்கப் புட்டியை மச்சினனுக்கு ஊற்றினேன். "அவனுக்கா?" என்று சிரித்தாள். அவர் போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பை காலி. அந்தக் காலிப் பையோடு கதவைத் திறந்தேன். நாலு பேரும் செத்துத் தொலையட்டும், ஆட்டம் ஒழியட்டும் என்றுதான் திறந்தேன்.

ராட்சசன் நெருப்பாக ஊதினான். எங்கள் ஆட்களுக்குச் சூடு பட்ட மாதிரிகூட இல்லை. புட்டியைத் தீர்க்க வேண்டும் என்று நூற்றுக்கணக்கான சண்டை போட்டதில் அவர்களுடைய பலம் ஏறிக் கிடந்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. குருவிகுளத்தான் வெட்டினான். தாடிக்காரர் இடியை இறக்கினார். பனவடலிக்காரி ஒரே ஒரு தடவை காயம் ஆற்றினாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கொம்பு உடைந்து ராட்சசன் உதிர்ந்தான். திரை வெள்ளையாகி, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன.

"அவ்வளவுதானா?" என்று மதினி கேட்டாள்.

"அவ்வளவுதான் மதினி."

"புட்டி ஒண்ணுகூட வேண்டியிருக்கலயே."

"இல்ல."

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா இந்த மனுசன்..."

முடிக்காமல் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். நான் அந்தக் கம்ப்யூட்டரை அறையப் போய், கையை அடக்கிக்கொண்டேன்.

மாத்திரை அட்டை மேசை டிராயரில் இருந்தது. மதினி கொடுத்த நாளில் இருந்து நான் அதைத் தொடவில்லை. இன்றைக்குக் காலையில் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் கெடு தேதி அச்சடித்திருந்தது. எண் எனக்கு வாசிக்கத் தெரியும். இந்த மாதத்தோடு முடிகிறது. இத்தனை நாளாக நானும் இதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எதற்கு? யாருக்கு?

மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினேன். தகடு கிழிந்து பட் என்று ஒரு சத்தம் வரும். பத்துச் சத்தம். பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது, அவ்வளவு சின்னது. அன்றைக்கு மூன்று மணிக்கு அந்தக் கடையில் அதில் ஒன்றாவது கேட்டிருக்க வேண்டும். பத்தையும் தண்ணீரில் கரைத்துக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

சங்கரன்கோவில்,
30-9-2025, செவ்வாய்க்கிழமை.